நிகர எடை

அறுவை அரங்கில் இருந்தவர்கள்:

தலைமை அறுவை மருத்துவர் (அரங்கின் மூலையில், இயந்திரத்தை இயக்கும் இருக்கையில்)
உதவி மருத்துவர் (நோயாளியின் அருகில்)
மயக்க மருந்து மருத்துவர்
நர்சுகள் இருவர்
இயந்திரப் பொறுப்பாளர்
நோயாளி. எடை: 131.0 கிலோ
அகற்றப்பட்ட பாகத்தின் எடை:

அந்தக் கடைசிக் கட்டம் காலியாக இருந்தது.

மருத்துவமனை கொடுத்தனுப்பிய கோப்பை வீட்டுக்கு வந்த அன்றே புரட்டியபோது அவன் கண் அங்கேதான் போய் நின்றது. வேறு யாராக இருந்தாலும் தாண்டிப் போயிருப்பார்கள். அவன் பதினாறு வருடமாக லாரி எடைமேடையில் சீட்டுப் போடுகிறவன். சுமையோடு வரும் லாரியின் முழு எடை, இறக்கிவிட்டுத் திரும்பும்போது வெற்று எடை, கழித்தால் நிகர எடை. ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவன் வழக்கத்தில் அது சீட்டே இல்லை.

"வயித்துல முக்கால்வாசி வெட்டி எடுத்திருக்காங்க. எவ்வளவு இருந்துச்சுன்னு எழுதலை பாரு."

"எழுதி என்ன பண்ணப் போறீங்க? திரும்பக் கேட்டு வாங்கப் போறீங்களா?" என்றாள் மனைவி.

அவள் சட்டைத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவள். அவனுடைய சட்டையைத் தூக்கி, வயிற்றில் இருந்த ஐந்து சிறு வெட்டுகளையும் விரல் படாமல் குனிந்து பார்த்தாள். "நல்ல தையல். என்ன இருந்தாலும் மிஷின் மிஷின்தான். எங்க லைன்ல இப்படி ஒருத்தி தைச்சா அவளைக் கோயில் கட்டிக் கும்பிடுவோம்."

சிரித்தால் வலித்தது. அறுவையின்போது வயிற்றை உப்பவைத்த வாயு இன்னும் வெளியேறாமல் வலது தோளில் ஏறி உட்கார்ந்திருந்தது. வரும், நடந்தால் போய்விடும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். எல்லாவற்றையும் முன்பே சொல்லியிருந்தார்கள். மணிக்கு ஒருமுறை நடக்க வேண்டும். மருந்துக் குப்பியின் மூடியளவு தண்ணீரைக் கால்மணி நேரத்தில் உறிஞ்ச வேண்டும். இரண்டு வாரம் நீர் ஆகாரம், பிறகு கூழ். ரத்தம் உறையாமலிருக்கக் காலில் இறுக்கமான நீளக் காலுறை. ஆறு வாரம், அதாவது நாற்பத்திரண்டு நாள், ஐந்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது.

"நான் எத்தனை கிலோ?" என்றாள் மகள். ஆறு வயது. வீட்டில் அவளுக்கு 'வாலு' என்றுதான் பெயர்.

"பத்தொன்பது."

"அப்ப என்னைத் தூக்க முடியாதா?"

"நாப்பத்திரெண்டு நாள் கழிச்சுத் தூக்குவேன். ரெண்டு மாடியும் தூக்கிட்டே ஏறுவேன்."

அவன் இதற்குச் சம்மதித்ததே அந்த இரண்டு மாடிக்காகத்தான். போன வருடம் அவள் கீழே விளையாடும்போது கால் சுளுக்கி அழுதாள். தூக்கிக்கொண்டு ஏறினான். முதல் திருப்பத்திலேயே மூச்சு நின்றுபோய் படியில் உட்கார்ந்துவிட்டான். எதிர்வீட்டு ஆள் அவளை வாங்கிக்கொண்டு இரண்டிரண்டு படியாக ஏறிப் போனான். அன்றிலிருந்து அவள் தூக்கச் சொல்லிக் கேட்பதை நிறுத்திவிட்டாள். "எங்கப்பாவால தூக்க முடியாது" என்று தோழியிடம் அவள் சொன்னதை அவன் காதாலேயே கேட்டிருந்தான். அதில் குறைகூட இல்லை. மழை பெய்கிறது என்று சொல்வது போல் சொன்னாள்.

படுக்கை பின்னறைக்கு மாறியது. வாலு தூக்கத்தில் உதைப்பாள், தையல் தாங்காது. துணி மடிக்கும் மேசை, துணி காயப்போட மட்டுமே பயன்பட்ட உடற்பயிற்சி சைக்கிள், ஒற்றைக் கட்டில், சுவரோரம் மருத்துவமனை கொடுத்த எடைக்கருவி. கண்ணாடிப் பலகை வைத்தது. ஏறி நின்றால் ஒரு சின்ன 'பீப்'. எண் அவன் கைபேசிக்கும் போகும், மருத்துவமனைக்கும் போகும். அந்த அறைக்கு வெளிப்பக்கம் பூட்டு கிடையாது, உள்தாழ்ப்பாள் மட்டும்தான். வாலு ஒருமுறை உள்ளே தாழ்போட்டுக்கொண்டு திறக்கத் தெரியாமல் அலறியதால் அதையும் அவனே கழற்றி, கதவின் உச்சியில் மாட்டியிருந்தான். சரியாக மாட்டவில்லை. தாழை முக்கால்வாசி தள்ளி, கொஞ்சம் தூக்கி, பிறகு அழுத்த வேண்டும். அந்தக் கைவாகு அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

முதல் நாள் காலை ஏறி நின்றான். 131.0.

மறுநாள் 131.0. அதற்கு மறுநாளும்.

பத்து நாள் இப்படியே போனது. இடுப்பில் கால்சட்டை நிற்கவில்லை, கயிறு கட்டினான். மோதிரம் விரலிலிருந்து நழுவித் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. எடை மட்டும் நூறு கிராம்கூட இறங்கவில்லை. அவனை உறுத்தியது அதுதான். குண்டூசி அசைந்தாலும் எண் அசையும் என்பது எடைமேடைக்காரன் பாடம். ஒரு மனிதன் மூச்சு விடுகிறான், வியர்க்கிறான், ஒன்றுக்குப் போகிறான். பத்து நாள் ஒரே எண் என்றால் ஒன்று கருவி பழுது, இல்லை யாரோ விளையாடுகிறார்கள்.

பன்னிரண்டாம் நாள் நடைப்பயிற்சியில் தெருமுனை மருந்துக்கடை எடைக்கருவியில் ஏறினான். 123.0.

எட்டு கிலோ! வீட்டுக்கு வந்து நேராகப் பின்னறைக்குப் போனான். ஏறினான். 131.0. இறங்கினான்.

எண் பூஜ்யத்துக்குப் போகவில்லை. 8.0 என்று நின்றது.

குனிந்து பலகைக்கு அடியில் பார்த்தான். எதுவும் இல்லை. எடைமேடையில் சேறு படிந்தால் இப்படி மிச்ச எடை காட்டும், சுரண்டிவிட்டால் போய்விடும். இங்கே சேறு எங்கிருந்து வரும்? கருவிக் கோளாறு என்று முடிவு செய்தான். சரிபார்க்க ஒரு தெரிந்த எடை வேண்டும். எடைமேடையில் அதற்கென்றே இருபது கிலோ இரும்புக் கட்டிகள் உண்டு.

"வாலு, இங்க வா. இதுல ஏறு."

இங்கேதான் அவன் தவறினான். எடைமேடையின் முதல் விதி, புதிதாக வேலைக்கு வருகிறவனுக்கு அவனே சொல்லிக்கொடுக்கும் விதி, மேடையில் நிற்கும் வண்டி இறங்கும் வரை அடுத்த வண்டியை ஏற்றாதே என்பது. எடையில் ஏமாற்றுகிற டிரைவர்கள் கிளீனரைக் கேபினில் படுக்கவைத்து எடை போடுவார்கள். அதற்காகவே அவன் ஒலிபெருக்கியில் ஒவ்வொரு வண்டிக்கும் கேட்பான்: "எல்லாரும் இறங்கியாச்சா?" அன்று கேட்கவில்லை.

மகள் ஏறினாள். 27.0.

பத்தொன்பதும் எட்டும் இருபத்தேழு. கணக்கு நேராக வந்ததில் அவனுக்குத் திருப்திகூட வந்தது.

வாலு கீழே பார்த்துக் கிளுகிளுவென்று சிரித்தாள். "அப்பா, மிதிக்காதப்பா!"

"யாரு மிதிச்சா?"

"நீதான். என் கால் மேல."

அவன் நான்கடி தள்ளி, கதவருகே நின்றுகொண்டிருந்தான்.

*

அறுவைக்கு முந்தின நாள் மருத்துவர் படம் வரைந்து விளக்கியிருந்தார். பை போலிருக்கும் இரைப்பை, குழாய் போல் ஆகும். "மிஷின் தானா எதுவும் செய்யாது. என் கை அசைஞ்சாத்தான் அது அசையும். நான் உங்களைத் தொடவே மாட்டேன், மூலையில உக்காந்திருப்பேன். பசியைக் கிளப்புற பாகமே போயிடும். பசி இனிமே உங்க கூட இருக்காது."

"அப்ப அது எங்க போகும் டாக்டர்?" என்று அவன் கேட்டதற்கு எல்லோரும் சிரித்தார்கள். இயந்திரப் பொறுப்பாளர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கோப்பில் எதையோ எழுதப்போய், எழுதாமல் பேனாவை மூடினார்.

மேசையில் படுத்தபோது பார்த்தது நினைவிருந்தது. மேலே இயந்திரத்தின் நான்கு கைகள், மூட்டு மூட்டாக மடங்கி, புதுச் சாமான் போலப் பளபளக்கும் பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டு. மூலையில் மருத்துவர் ஒரு பெட்டிக்குள் முகத்தைப் புதைத்து, அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மூக்கை மூடிய முகமூடியில் ரப்பரும் அழுகிய பழமும் கலந்தது போல் ஒரு இனிப்பு நாற்றம். எண்ணிக்கொண்டே வரச் சொன்னார்கள். எண்ணினான். பெட்டிக்குள்ளிருந்து மருத்துவர் முகத்தை எடுத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு கைகளும் கண்ணாடியில். மேலே ஒரு கை மடிப்பு விரிந்து இறங்கிக்கொண்டிருந்தது.

அது மயக்கத்தின் குழப்பம் என்றுதான் அவன் எண்ணிக்கொண்டான். மயக்கத்தில் ஆயிரம் தெரியும்.

இப்போது அந்த ரப்பர் நாற்றம் பின்னறையில் இருந்தது. மதியத்தில் மட்டும். மனைவி வேலைக்குப் போய், மகளின் பள்ளி வேன் இன்னும் வராத நேரத்தில், மின்விசிறி சுற்றும் சத்தமும் கீழ்வீட்டில் யாரோ பாத்திரம் கவிழ்க்கும் சத்தமும் தவிர வேறெதுவும் இல்லாத வெயில் நேரத்தில், திரைச்சீலை வெளிச்சத்தை மஞ்சளாக வடிகட்டித் தரையில் ஊற்றிக்கொண்டிருக்க, அந்த இனிப்பும் அதனடியில் காலி வயிற்றின் புளிப்பும் சேர்ந்து, யாரோ பக்கத்தில் வந்து வாய் திறந்தது போல் வீசும். பிறகு சுவரோரத்திலிருந்து 'பீப்'.

கைபேசியில் எண் வரும். 9.4. மறுநாள் 10.1.

மருத்துவமனையிலிருந்து நர்ஸ் கூப்பிட்டாள். "சார், காலையில ஒருதடவை ஏறினாப் போதும். நேத்து பதினோரு தடவை ஏறியிருக்கீங்க."

"நான் ஏறலை."

"வீட்ல குழந்தை இருக்கா? பத்து பத்தரை கிலோன்னு காட்டுது. ஏற விடாதீங்க, கண்ணாடி உடைஞ்சா அப்புறம் காலைக் கிழிச்சுடும்."

"எங்க குழந்தை பத்தொன்பது கிலோ."

அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். "தண்ணி ஒழுங்காக் குடிக்கிறீங்களா சார்? உடம்புல நீர் குறைஞ்சா மனசு கொஞ்சம் தடுமாறும்."

கூழுக்கு மாறிய வாரத்தில் பிஸ்கட் டப்பா காலியானது. அடுத்த நாள் முழு ரொட்டிப் பொட்டலம். அதற்கு அடுத்த நாள் வாலுவுக்கு வைத்திருந்த பால். மனைவி குப்பையிலிருந்து உறையை எடுத்து அவன் முன்னால் போட்டாள். ஓரம் கிழிக்கப்படவில்லை. மென்று துப்பியதாக இருந்தது.

"பசிக்கலை, பசிக்கலைன்னு பகல் வேஷம் போட்டுட்டு, நான் வேலைக்குப் போனதும் ஆரம்பிச்சிடறீங்களா?"

"சத்தியமா நான் இல்லை. ரெண்டு ஸ்பூனுக்கு மேல போனா வாந்தி வருது எனக்கு."

"அப்ப பூனையா? பூனை டப்பா மூடியைத் திறந்து, தின்னுட்டு, திரும்ப மூடி வைக்குமா?" அவள் குரல் தாழ்ந்தது. "உள்ள தையல் பிரிஞ்சா என்ன ஆகும்னு டாக்டர் சொன்னாரே, காதுல விழுந்துச்சா இல்லையா? எனக்குப் புருஷன் வேணும். அவ்வளவுதான் சொல்வேன்."

அவன் பதில் சொல்ல வாயெடுத்தபோது பின்னறையில் அது கேட்டது.

வயிறு இரையும் சத்தம். நீளமாக உறுமி, நடுவில் ஏறி, கடைசியில் ஒரு விக்கலோடு அறுபடுவது. நாற்பத்தோரு வருடம் அவன் வயிற்றுக்குள் கேட்ட சத்தம். 'லாரி கியர் மாத்துது' என்று கல்யாணமான புதிதிலிருந்து மனைவி கேலி செய்த சத்தம். அறுவைக்குப் பிறகு அவன் வயிறு ஒருமுறைகூட இரையவில்லை.

"பாருங்க. கியர் மாத்துது" என்றாள் மனைவி, அவன் வயிற்றைப் பார்த்து.

வாலு தரையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். அவள் மட்டும் பின்னறைப் பக்கம் திரும்பியிருந்தாள். "உனக்குப் பசிக்கலைன்னா, யாருக்குப்பா பசிக்குது?"

*

இருபத்தேழாம் நாள் கருவியைக் குப்பையில் போட முடிவு செய்தான். இரண்டு கிலோ இருக்கும். ஒரு கையால் தூக்கலாம்.

அசையவில்லை.

இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்து இழுத்தான். தொப்புளுக்கு மேலிருந்த வெட்டில் சுரீரென்று இழுத்தது. விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். அப்போதுதான் கண்ணாடிப் பலகையைக் கிட்டத்தில் பார்த்தான். வியர்த்த பாதம் வைத்து எடுத்தது போல் ஈரத்தடம். இரண்டு பாதம். அகலமான, தட்டையான, வீங்கிய பாதம். வலது சுண்டுவிரல் வெளிப்பக்கம் கோணியிருந்தது. பதினெட்டு வயதில் லாரிக் கதவு நசுக்கிய விரல்.

தன் காலைப் பார்த்தான். முழங்கால் வரை இறுக்கக் காலுறை. காலையிலிருந்து கழற்றவில்லை.

தடம் ஓரங்களிலிருந்து மெல்லக் காய்ந்து மறைந்தது. எண் மறையவில்லை. 13.0.

அன்றே மின்கலத்தைப் பிடுங்கினான். 'பீப்' நின்றது. அதன் பிறகு அவன் பட்டதற்கு முன்னால் அதற்கு முந்தினதெல்லாம் ஒன்றுமில்லை. சத்தம் இருந்தவரை அது எங்கே இருக்கிறதென்று தெரிந்தது. இப்போது தெரியவில்லை. படுக்கையைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டான். முதுகை எப்போதும் சுவரோடு வைத்துக்கொண்டான். மகள் குளியலறைக்குப் போனாலும் கதவுக்கு வெளியே நின்று பேச்சுக் கொடுத்தான். நாற்காலியில் உட்கார்ந்தால் பின்னால் பிரம்பு கிரீச்சிடும், இன்னொருவர் சாய்ந்தது போல.

எடைமேடையில் அவன் இடத்தில் உட்காரும் ஆள் நலம் விசாரிக்கக் கூப்பிட்டான். "என்னண்ணே, எம்ப்டி வண்டி ஆயிட்டீங்களாமே! லோடை எங்கண்ணே எறக்கினீங்க?"

அவன் இணைப்பைத் துண்டித்துவிட்டுப் பின்னறைப் பக்கம் பார்த்தான்.

முப்பத்தாறாம் நாள் தாங்க முடியாமல் மின்கலத்தைத் திரும்பப் போட்டான். எண் எரிந்தது. 0.0. ஏறினான்.

115.5.

பாதி மூச்சு சந்தோஷமாக வந்தது. மீதி மூச்சு வரவில்லை. கருவி சரியான எடை காட்டியது இதுதான் முதல் தடவை. இறங்கினான். 0.0.

மேடையில் யாரும் இல்லை.

இறங்கிவிட்டது.

கூடத்தில் வாலு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். ஓடினான், அவனால் முடிந்த ஓட்டம். அவள் தனியாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சாய்ந்திருந்தது சுவரில் இல்லை. சுவருக்கும் அவள் தலைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது. தலை, தலையணையில் பதிவது போல், காற்றில் பதிந்திருந்தது. அவன் தொப்பையில் சாய்ந்து கதை கேட்கும்போது அவள் தலை அப்படித்தான் இருக்கும்.

அவனைப் பார்த்ததும் எழுந்து வந்து கட்டிக்கொண்டாள். "உன் வயித்துல இப்ப எலும்பு குத்துது" என்றாள்.

*

நாற்பதாம் நாள் மாலை மனைவியிடம் பேசினான். நடந்ததைச் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியும்: நர்ஸ், மனநல மருத்துவர், மாத்திரை, அவன் ஓர் அறையில், மகள் இந்த வீட்டில்.

"வாலுவை ஒரு வாரம் உங்க அக்கா வீட்ல விடலாமா? எனக்கு முடியலை. அவ பின்னாடி ஓட முடியலை."

மனைவி அவன் முகத்தைப் பார்த்தாள். கன்னம் ஒட்டிப்போன, கண் உள்ளே போன முகம். முதல் தடவையாக அவள் கேலி எதுவும் சொல்லவில்லை. "நாளைக்குச் சாயந்தரம் வந்ததும் கொண்டுபோய் விடறேன். ஒரு பகல் சமாளிங்க."

ஒரு பகல்.

நாற்பத்தோராம் நாள் காலையில் ஏறினான். 114.0. பென்சிலால் சுவரில் கழித்துப் பார்த்தான். பதினேழு. கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். வீட்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, சாவியை எடுத்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துப் படியிறங்கி, வாசல் மதில் நிழலில் போய் நின்றான். வேன் வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. பரவாயில்லை. மனைவி வரும்வரை மேலே போவதில்லை. மகளை இங்கேயே வைத்துக்கொள்வது. எளிய திட்டம்.

ஒன்றரைக்கு வேன் வந்தது. வெள்ளைக் காலுறை, கறுப்பு ஷூ, அவளைவிடப் பெரிய பை. குதித்து இறங்கினாள்.

"ஏம்ப்பா வெயில்ல நிக்கிற?"

"சும்மாதான். அம்மா வர்றவரைக்கும் இங்கயே விளையாடலாம். பெரியம்மா வீட்டுக்குப் போறோம் இன்னிக்கு."

"எனக்கு ஒண்ணுக்கு வருது."

"பக்கத்து வீட்ல போலாம்."

"அய்ய, மாட்டேன். நான் நம்ம வீட்டுக்கே போறேன்."

"வாலு. நில்லு. கதவு பூட்டியிருக்கு. சாவி எங்கிட்ட இருக்கு பார்."

அவள் நிற்கவில்லை. அவள் எப்போது நின்றாள்? பையைக் கீழே போட்டுவிட்டுப் படியில் ஏறிவிட்டாள். தட் தட் தட். பின்னால் ஓடினான். காலையிலிருந்து மூன்று மூடி தண்ணீர்தான் குடித்திருந்தான். ஐந்தாவது படியில் கண் இருட்டியது. கைப்பிடியைப் பற்றி நின்றான்.

சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது.

17.0.

"வாலு! கீழ வா! அப்பா சொல்றேன்ல, கீழ வா!"

தட் தட். முதல் திருப்பம் தாண்டியிருந்தாள். அவன் ஏறினான். ஒரு படி. இன்னொரு படி. போன வருடம் அவன் உட்கார்ந்துவிட்ட திருப்பம் வந்தது. உட்காரவில்லை. நூற்றுப் பதினான்கு கிலோவை இழுத்துக்கொண்டு ஏறினான். கதவு பூட்டியிருக்கிறது. சாவி கையில் இருக்கிறது. பூட்டிய கதவுக்கு முன்னால்தான் நிற்பாள். பூட்டிய கதவு. சாவி கையில்.

மேலே பூட்டு உள்ளிருந்து திறக்கும் சத்தம்.

அவள் காலடி நின்றது. பிறகு அவள் குரல், ஆச்சரியத்தில் உயர்ந்து, படிக்கட்டு முழுவதும் எதிரொலித்துக் கீழே வந்தது.

"அப்பா! நீ எப்படி எனக்கு முன்னாடி வந்த?"

"அது நான் இல்லை!" என்று கத்தினான். மூச்சுதான் வந்தது. குரல் வரவில்லை.

மேலே வயிறு இரைந்தது. நீளமாக. விக்கலோடு.

"தூக்கு" என்றாள் மகள். கேட்காமல் விட்டிருந்த அந்தச் சொல்.

இரண்டாவது திருப்பம். நான்கு கால் மிருகம் போல் கையையும் ஊன்றி ஏறினான். எங்கோ ஒரு தையல் விட்டது. சூடாக ஏதோ வயிற்றில் வழிந்தது. கடைசிப் படி.

வீட்டுக் கதவு விரியத் திறந்திருந்தது. கூடம் காலி. ரப்பர் நாற்றம் முகத்தில் அடித்தது.

கைபேசி அதிர்ந்தது. கையிலேயே இருந்தது. பார்க்காமலிருக்க முடியவில்லை.

36.0.

பதினேழும் பத்தொன்பதும்.

பின்னறைக் கதவு மெல்ல மூடிக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த இடைவெளியில் இரண்டு சின்னக் கால்களைப் பார்த்தான். வெள்ளைக் காலுறை. ஒரு காலில்தான் ஷூ. தரையில் இல்லை அந்தக் கால்கள். ஒரு பெரிய ஆளின் இடுப்பு உயரத்தில், எதையோ அகலமாக அணைத்துக்கொண்டு விரிந்து, ஆடிக்கொண்டிருந்தன. அவை அணைத்திருந்த இடத்தில் எதிர்ச்சுவர் தெரிந்தது. சுவரில் அவன் பென்சில் கணக்கு தெரிந்தது.

"எல்லாரும்..." என்றான். பதினாறு வருடப் பழக்கத்தில் வாய் தானாகத் திறந்தது. "எல்லாரும் இறங்கியாச்சா?"

உள்ளே மகள் சிரித்தாள்.

கதவு பொருந்தி மூடியது. உச்சியில், ஆறு வயதுக் கைக்கு எட்டாத உயரத்தில், தாழ் முக்கால்வாசி நகர்ந்தது. நின்றது. கொஞ்சம் தூக்கி, பிறகு அழுத்தியது.